உப்புப் படாத பெட்டி

ஹட் பே
6 நவம்பர் 2023

திருநாவுக்கரசு அவர்களுக்கு,

மரகதம் எழுதுகிறேன். ஆவணியில் நீங்கள் அனுப்பிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இன்னொருவன் கையால் தாலி வாங்கினால் நீங்கள் எனக்கு அண்ணி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, அண்ணியாக எழுதவில்லை. ரிப்பேர் கடைக்காரர் ஒருவருக்குச் சாமான் அனுப்பும் பெண்ணாகவே எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் விஜயகுமாரி சிஸ்டர் இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ். அவர் கையில் ஒரு பை இருக்கும். உள்ளே இருப்பது படகில் வைக்கிற ஜிபிஎஸ் பெட்டி. கோவிந்தராஜின் ஐஸ் ஸ்டோரில்தான் நான் பில் போடுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். வரும் தையில் எனக்கும் அவருக்கும் நடக்கும் கல்யாணத்தின் சமையலுக்கு அரிசி மூட்டை இறக்க இடம் வேண்டுமென்று பழைய வலைகளை ஒதுக்கினேன். அடியில் சாக்கில் சுற்றி இது கிடந்தது. பக்கவாட்டில் சிவப்பு நகப்பூச்சில் ‘அபி’ என்று எழுதியிருக்கிறது. எட்டு வயதில் என் மகள் எழுதியது. திருடு போகும் என்று உங்கள் அண்ணன் கரைக்கு வரும்போதெல்லாம் இந்தப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்போது எழுதினாள்.

ஒன்பது வருஷமாக நாம் கேட்டது ஒரே கதை. தெற்கே பத்து டிகிரி கால்வாய்ப் பக்கம் காலை நேரத்தில் இஞ்சின் நின்றது, அலை கவிழ்த்தது, இஞ்சின் அறையில் இருந்த உங்கள் அண்ணனால் வெளியே வர முடியவில்லை, டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு கோவிந்தராஜ் மட்டும் மிதந்தார். படகோடு எல்லாம் போய்விட்டது என்றார். எல்லாம் போயிருந்தால் இது எப்படி வந்தது? படகுக்கு இதைப் பொருத்தியவர் நீங்கள். அதே பெட்டியா என்று மட்டும் சொல்லுங்கள்.

போன் செய்ய வேண்டாம். போனும் சிம்மும் கோவிந்தராஜ் வாங்கிக் கொடுத்தவை. யார் பேசினார்கள் என்று எடுத்துப் பார்ப்பார். அதில் இதுவரை எனக்குத் தப்பாக எதுவும் தெரிந்ததில்லை.

மரகதம்


டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
14 நவம்பர் 2023

திருமதி மரகதம் அவர்களுக்கு,

அதே பெட்டிதான். பின்பக்கம் பவர் ஒயரை நான் பற்றவைத்த இடம் அப்படியே இருக்கிறது. அப்போது எனக்குக் கை சரியாகப் பழகவில்லை, ஈயம் கட்டியாக நிற்கும். அண்ணன் அதைப் பார்த்து, "என்னடா, கொழுக்கட்டை பிடிச்சு வச்சிருக்கே" என்று சிரித்தான்.

திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த சின்ன பாட்டரி கசிந்து போர்டை அரித்திருக்கிறது. திரை உடைந்திருக்கிறது. அது பெரிய விஷயமில்லை. உப்பு இல்லை. கடலில் விழுந்த சாமான்களைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு நாள் முங்கினாலே திருகாணிக்குள் வெள்ளையாகப் பூத்துவிடும், செம்பு பச்சையாகிவிடும். இதில் ஒரு பொட்டு உப்பு இல்லை. இந்தப் பெட்டி கடலுக்குள் போகவே இல்லை. யாரோ படகிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் போட்டு, ஒயரைக்கூட அறுக்காமல், நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள். கவிழ்கிற படகில் அதற்கு யாருக்கு நேரம் இருக்கும்?

இதற்குமேல் உங்களுக்கு என்ன வேண்டும்? கல்யாணத்தை நிறுத்துங்கள். நான் ஆவணியில் எழுதியபோது என்னைக் கெட்டவன் ஆக்கினீர்கள்.

பெட்டி இனி உயிர் பெறாது. ஆனால் உள்ளே ஒரு மெமரி சிப் இருக்கிறது. படகு போன வழியை, எப்போது எங்கே நின்றது என்பதையெல்லாம் அதில்தான் எழுதும். கரண்ட் இல்லாவிட்டாலும் வைத்திருக்கும். அதைத் தனியே கழற்றிப் படித்துப் பார்க்கலாம். ஒருமுறை சூடு அதிகமாகிவிட்டால் எல்லாம் போய்விடும். படிக்கவா என்று நீங்கள் சொல்ல வேண்டும். அண்ணன் உங்களுக்குத்தான் புருஷன்.

திருநாவுக்கரசு


ஹட் பே
23 நவம்பர் 2023

திருநாவுக்கரசு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் பாதி பெட்டியைப் பற்றி, பாதி என்னைப் பற்றி. இரண்டையும் ஒரே சந்தோஷத்தோடு எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். உங்கள் அண்ணன் போனபின் பாமாயில் தோட்டத்தில் வேலையும் இல்லை, மெயின்லேண்டில் எனக்கு யாரும் இல்லை. கூரைக்குத் தகரம் போட்டது கோவிந்தராஜ். அபிக்கு மலேரியா வந்தபோது அவசர ஹெலிகாப்டரில் இடம் வாங்க அதிகாரிகள் வீட்டு வாசலில் நின்றது அவர். நீங்கள் கப்பல் ஏறி ஒருமுறை வந்தீர்கள். காரியம் செய்துவிட்டுப் போனீர்கள். இங்கே வங்காளிக்காரர்கள்கூட அவரை அண்ணன் என்ற மரியாதையோடு ‘கோவிந்த் தாதா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்தார் என்பதற்காக நான் எதை நம்ப வேண்டும்? அந்தப் பயணத்துக்கு முன்னாலேயே ரிப்பேருக்காகக் கழற்றியிருக்கலாம். மறந்துபோயிருக்கலாம்.

இப்படி நூறு முறை எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒன்று மட்டும் இடிக்கிறது. கடைசியாகக் கிளம்பிய அன்று பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினார் உங்கள் அண்ணன். நான்தான் குடையைக் கொடுத்தேன்.

நேற்று ஸ்டோருக்கு வந்தவர் வலை இருந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றார். "யாரு இங்க சாஃப் பண்ணது?" என்று கேட்டார். நான்தான் சுத்தம் செய்தேன் என்றேன். "அச்சா" என்றார். போகும்போது சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷத்தில் சாவி என்னிடம்தான் இருந்தது.

படியுங்கள். அதில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். உங்கள் கோபத்தைக் கலக்க வேண்டாம்.

மரகதம்


டாலிகஞ்ச்
8 டிசம்பர் 2023

அண்ணிக்கு,

இதை எழுதக் கை வரவில்லை. மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சாத்தமிலிருந்து ஃபெர்ரி பிடித்து பாம்பூஃப்ளாட் போய், பழைய இரும்புக் கடையில் இதே கம்பெனிப் பெட்டி ஒன்று தேடி வாங்கினேன். நம் சிப்பைத் தொடுவதற்கு முன்னால் அதில் கழற்றிப் பழகினேன். எந்தப் பகுதியில் தேதியை எழுதும், எந்தப் பகுதியில் படகு இருந்த இடத்தை எழுதும் என்று அதை வைத்துத்தான் புரிந்தது.

பிறகு நம்முடையது. சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத குழிகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் துளி மின்சாரத்தை அடைத்து வைத்திருக்கும். வருஷம் ஆக ஆக அது கசியும். அதனால் ஒருமுறை படித்தால் ஒன்று சொல்கிறது, மறுமுறை படித்தால் வேறு சொல்கிறது. திரும்பத் திரும்பப் படித்து, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதிக முறை வந்ததை எடுத்துக்கொண்டேன். யாரோ மெனுவில் போய் ‘அழி’ கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டி அழிப்பது பட்டியலை மட்டும். புள்ளிகளை அப்படியே விட்டுவிடும்.

படகு தெற்கே போகவே இல்லை. வடகிழக்கே போயிருக்கிறது. அன்று பொழுது சாயும் நேரத்தில் ஓர் இடத்தில் ஒரு குறி இருக்கிறது. ஆள் கடலில் விழுந்தால் அழுத்துவதற்கென்றே அந்தப் பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் அந்த இடம் பதிவாகும், திரும்பி வந்து தூக்குவதற்காக. அதை அழுத்தியிருக்கிறார்கள். படகில் இரண்டே பேர். விழுந்தவன் அழுத்தியிருக்க முடியாது.

அதன்பின் படகு திரும்பவில்லை, அண்ணி. தூரமாகவும் போய்விடவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்றிருக்கிறது. சில நிமிடம். மறுபடி கொஞ்சம் தள்ளி. மறுபடி நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கிரிக்கெட் மைதானம் அளவு தூரம். இப்படியே ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக.

முதலில் இஞ்சின் கோளாறு என்று நினைத்தேன். என் மனைவி சுசீலா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவள், "ஏங்க, இவரு நீந்தி கிட்ட வர வர அவன் படகை நகத்தியிருக்கான்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு உள்ள பகுதி கலங்கிக் கிடக்கிறது. படிக்க முடியவில்லை. கடைசியில் சில புள்ளிகள் மட்டும் தெளிவாக இருக்கின்றன. பட்லர் பே தாண்டி நீங்கள் எல்லோரும் முதலை ஓடை என்று சொல்வீர்களே, அதன் வாயில். அங்கே தடம் முடிகிறது.

கட்டத் தாளில் இரண்டு நகல் வரைந்து, ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். விழுந்தானா தள்ளப்பட்டானா என்று சிப்புக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

தம்பி திருநாவுக்கரசு


ஹட் பே
15 டிசம்பர் 2023

தம்பிக்கு,

கட்டத் தாளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். உங்கள்மேல். பென்சிலால் கோடு போட யாருக்குத்தான் தெரியாது? இந்தக் கல்யாணத்தை நிறுத்த நீங்கள் எதையும் செய்வீர்கள் என்றுதான் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் மதியம் கோவிந்தராஜ் சாப்பிட வந்தார். அபி ஸ்கூலில். பரிமாறிக்கொண்டே கேட்டேன். "கடைசியா அவரு என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "உன் பேரையும் பொண்ணு பேரையும் சொல்லித்தான் கூப்புட்டுக்கிட்டே இருந்தான். தண்ணியில இருந்து..."

கை நின்றது. நானும் கரண்டியோடு நின்றேன்.

"இஞ்சின் ரூம்ல இருந்தாருன்னு சொன்னீங்க."

"ஆமா. இஞ்சின் ரூம்லதான். அங்கயும் தண்ணிதானே வந்துச்சு."

பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஸ்டோர்ல வலைக்கு அடியில ஒரு பழைய டப்பா கிடந்துச்சே, பாத்தியா?"

"எந்த டப்பா? எலி கடிச்ச மிதவைதான் இருந்துச்சு. குப்பை வண்டியில போட்டாச்சு."

"டீக் ஹை. போனாப் போவுது." செருப்பை மாட்டினவர் வாசலில் நின்றார். "விஜயகுமாரி சிஸ்டர் அடிக்கடி போர்ட் பிளேர் போவுதில்ல? உனக்கு ஏதாச்சும் வேணும்னா என்கிட்ட சொல்லு. அந்தப் பொண்ணை எதுக்குத் தொந்தரவு பண்ற?"

தம்பி, நீங்கள் வரைந்த கோடு உண்மை. ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அண்ணன் தொண்டை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். படகுத்துறையில் நின்று கூப்பிட்டால் வீட்டில் எனக்குக் கேட்கும்.

நான் எதுவும் தெரியாதவள்போலவே இருக்கிறேன். காலையில் அவருக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன். அபி அவரை மாமா, மாமா என்று சுற்றி வருகிறாள். அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவர் அடுத்த கப்பலில் போர்ட் பிளேர் வருகிறார், பத்திரிகை வைக்க. உங்கள் வீட்டுக்கும் வருவார். சிப்பை ஒளித்து வையுங்கள். அவர் முன்னால் சாதாரணமாக இருங்கள். உங்களுக்கு அது வராது. முயற்சி செய்யுங்கள்.

அண்ணி


டாலிகஞ்ச்
22 டிசம்பர் 2023

அண்ணிக்கு,

வந்தார். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே வந்தார், நீங்கள் சொன்னதைப் படித்து முடிக்கக்கூட நேரமில்லை. சிப் மேஜைமேல், பெரிய லென்ஸ் விளக்குக்கு அடியில் கிடந்தது. கட்டத் தாளின்மேல் சுசீலா மட்டும் ஒரு பேப்பரைத் தள்ளிவிட்டாள்.

தட்டில் வெற்றிலை, பத்திரிகை, ஸ்வீட் டப்பா. என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். நரைத்திருக்கிறார். கை மட்டும் அப்படியே இருக்கிறது, வலை இழுக்கிற கை.

"பழசை மனசுல வச்சுக்காத தம்பி. உன் அண்ணிக்கு ஒரு துணை வேணும்ல."

சரி என்றேன்.

லென்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இது என்ன, இவ்ளோ சின்னதா?"

"பழைய டிவியோட சிப்."

"இதுல என்ன இருக்கும்?"

"கடைசியா என்ன சேனல் பாத்தோம், சவுண்டு எவ்ளோ வச்சோம், அதெல்லாம்."

"கரண்ட் போனா?"

"போனாலும் இருக்கும்."

"அழிச்சா?"

அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்ட விதம், அண்ணி. விலை கேட்கிற மாதிரி கேட்டார். நான் ஈயக் கம்பியை எடுத்துச் சுற்றிக்கொண்டே, "அழிச்சா போயிடும்" என்றேன். அவர் சிப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து, விளக்கில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கையை இறுக்கி மூடியிருந்தால் போதும், நொறுங்கியிருக்கும். பிறகு எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டார்.

எழுந்துபோகும்போது சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி உங்க அண்ணனுக்கு ஒரு மாலை போடணும். வருஷம் பொறந்ததும் நானும் மரகதமும் படகுல போயிட்டு வரோம். ரெண்டு பேரு மட்டும். அபி வேணாம், அவளுக்குக் கடல்ல வாந்தி வரும்."

அந்தப் படகில் ஏறாதீர்கள். கோபத்தில் எழுதியதையெல்லாம் நான் விழுங்கிவிடுகிறேன், என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், ஏறாதீர்கள். காய்ச்சல் என்று சொல்லுங்கள், கால் சுளுக்கு என்று சொல்லுங்கள். இங்கே போலீஸில் போய்க் கேட்டேன். செத்தவன் மனைவி நேரில் புகார் கொடுக்க வேண்டும், படகாவது கிடைக்க வேண்டும், வெறும் எண்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். அபியைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுங்கள். கடல் கொந்தளிப்பால் கப்பல் தள்ளிப் போகிறது என்கிறார்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு எப்போது வருமோ தெரியவில்லை.

தம்பி


ஹட் பே
5 ஜனவரி 2024

தம்பிக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. நானும் அபியும் நன்றாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் காலையில் மாலையோடு வந்து கூப்பிட்டார். மறுத்தால் சந்தேகப்படுவார். அபியை விஜயகுமாரி சிஸ்டர் வீட்டில் விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். வழியெல்லாம் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் எனக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

படகுத்துறையில் நல்ல கூட்டம். கப்பல் வரும் நாள். போலீஸ்காரர்கள், சாமான் தூக்குகிறவர்கள், டிக்கெட்டுக்கு நின்றவர்கள். அவர் படகில் இறங்கிக் கையை நீட்டினார். "வா, ஜல்தி. தெக்க ரொம்ப தூரம் போவணும்."

நான் துறையிலேயே நின்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "தெக்க எதுக்கு? முதலை ஓடைக்குப் போவோம். படகு அங்கதானே இருக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர் நீட்டிய கை அப்படியே இருந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தெரியும். "அவரு நீந்தி கிட்ட வரும்போதெல்லாம் நீங்க தள்ளித் தள்ளிப் போனீங்களே, அந்த இடத்துல மாலை போடுவோம். வழி எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். இந்தியிலும் சொன்னேன், எல்லோருக்கும் புரியட்டும் என்று.

அவர் மாலையைப் பலகைமேல் வைத்தார். கயிற்றை அவிழ்த்தார். இஞ்சினைப் போட்டுக்கொண்டு தனியாக வடக்கே போய்விட்டார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டரிடம் உங்கள் கட்டத் தாளைக் கொடுத்தேன். படகுத்துறையில் இருந்த போலீஸ்காரர்களே கேட்டிருந்ததால் அலட்சியம் செய்யவில்லை. காட்டிலாகா ஆட்களோடு ஓடைக்குப் போனார்கள். சதுப்பில் படகின் விலா எலும்புகள்போல மரச்சட்டங்கள் நிற்கின்றனவாம். அடிப்பலகையில் உள்ளிருந்து வெட்டிய ஓட்டை. கோவிந்தராஜ் கரையில் ஒரு வேர்மேல் உட்கார்ந்திருந்தாராம். ஓடவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். வெளிநாட்டுப் படகுகளுக்குக் கடல் அட்டை கடத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் அண்ணனுக்குத் தெரிந்துபோய், கரைக்குப் போனதும் காட்டிலாகாவில் சொல்வேன் என்று சண்டை. கைகலப்பில் விழுந்துவிட்டார் என்கிறார். பெட்டியை ஏன் கடலில் எறியவில்லை என்று கேட்டதற்கு, "கை வரல சாப்" என்றாராம்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். "நான் திரும்பிப் போனேன். அதை யாரும் எழுத மாட்டேங்கிறீங்க."

பொய்தான். வேறென்ன சொல்வார்?

அண்ணி


டாலிகஞ்ச்
20 ஜனவரி 2024

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் சிப்பைப் போலீஸில் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் கலங்கிய பகுதியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று நினைத்தேன். சிப்பை நன்றாகக் குளிரவைத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். சில சிப்கள் அப்படிக் கொடுத்தால் பேசும். பேசியது. பிறகு அந்தப் பகுதி செத்துவிட்டது. இப்போது படித்தால் வெறும் வெள்ளைதான் வருகிறது. ஆக, நான் எடுத்த நகல் ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது.

அவர் திரும்பிப் போயிருக்கிறார், அண்ணி.

தள்ளித் தள்ளிப் போனது நின்ற பிறகு படகு ரொம்ப நேரம் ஒரே இடத்தில் கிடந்திருக்கிறது. பிறகு திரும்பி, நேராக அந்தச் சிவப்புப் பொத்தான் குறிக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து வட்டம். சின்ன வட்டம், அதைவிடப் பெரியது, அதையும்விடப் பெரியது. விடியும்வரை சுற்றியிருக்கிறார். அதன்பிறகுதான் ஓடை.

தாளில் வரைந்து பார்த்தால் கொலைகாரன் போட்ட கோடு மாதிரியே இல்லை. தொலைத்ததைத் தேடுகிறவன் போட்ட கோடாக இருக்கிறது. இத்தனை நாள் அந்த ஆளை வெறுத்தே வேலை செய்தேன், இதைப் பார்த்தபின் அதுகூடச் சரியாக வரவில்லை.

சுசீலா சொன்னாள். "இதைக் கொடுத்தா வக்கீல் இதையே புடிச்சுக்குவான். தேடுனாரு, காப்பாத்தப் பாத்தாருன்னு சொல்லுவான். நீங்க குடுக்கலேன்னா யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. நகலிலிருந்து அந்த வரிகளை எடுத்துவிட்டு, அழிந்த பகுதி என்று எழுதினால் போதும். அழிந்துதான் இருக்கிறது. இரண்டு முறை அழிக்கப் போய் நிறுத்திவிட்டேன். இதை நான் தனியாக முடிவு செய்ய முடியாது. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன். எதுவும் எழுதாமல் விட்டாலும் புரிந்துகொள்கிறேன்.

தம்பி


ஹட் பே
29 ஜனவரி 2024

தம்பிக்கு,

முதலில் ‘எடுத்துவிடுங்கள்’ என்று எழுதினேன். ஒரே ஒரு வார்த்தைக் கடிதம். கவரில் போட்டு ஒட்டியும் ஆயிற்று. சிஸ்டர் வாங்க வந்தபோது கொடுக்க மனம் வரவில்லை.

முதல் தாளைப் பார்த்தபோது நீங்கள் கோபத்தில் வரைந்தது என்று நினைத்தேனே, நாளைக்குக் கோர்ட்டில் அவருடைய வக்கீலும் அதைத்தான் சொல்வார். தம்பிக்குப் பகை, அண்ணியின் கல்யாணம் பிடிக்கவில்லை, எண்களை இஷ்டத்துக்கு மாற்றினார் என்பார். நீங்கள் ஒரு வரியை எடுத்தால் அது உண்மையாகிவிடும். பிறகு அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கற்பனை ஆகிவிடும்.

அதையும் கொடுத்துவிடுங்கள். உங்கள் அண்ணன் கூப்பிட்டபோது திரும்பாததும் அதில் இருக்கட்டும், கூப்பிடுவது நின்றபிறகு திரும்பியதும் இருக்கட்டும். அவர் விடியும்வரை சுற்றியதற்காக என் மனம் இளகவில்லை. அதைக் கேட்டபிறகு எனக்கு அவர்மேல் பயம் அதிகமாகத்தான் ஆகிறது. தேடத் தெரிந்த மனிதர்தான் அவ்வளவு நேரம் தள்ளிப் போயிருக்கிறார். ஒன்பது வருஷம் எங்கள் கூரையில் தகரம் மாற்றியதும், அபிக்கு மருந்து வாங்கியதும் அந்த வட்டங்களோடு சேர்ந்ததா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அந்தத் தகரத்தின் கீழேதான் இன்னும் படுத்திருக்கிறோம். மழை பெய்தால் சத்தம் கேட்கிறது.

அபிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை, என்னோடு பேசவில்லை. மாமாவை ஜெயிலில் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்றேன். எழுந்து வெளியே போய்விட்டாள்.

நேற்று அவளே தாளைக் கேட்டாள். நீங்கள் எனக்கென்று அனுப்பிய இன்னொரு நகல். தரையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் குறியிலிருந்து விரலை நகர்த்தினாள். படகு நின்ற முதல் இடம், அடுத்த இடம், அதற்கடுத்த இடம். ஒவ்வொன்றிலும் விரலை வைத்து வைத்துப் போனாள். எண்ணுகிறாளோ என்று நினைத்தேன். கடைசியாகப் படகு தள்ளிப் போன அந்தச் சின்னக் கோட்டின் முனையில் விரல் நின்றது.

"அம்மா, அப்பா நீந்தி வரவரத்தானே மாமா படகை நகத்துனாரு?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இங்க வரைக்கும் அப்பா இருந்தாரு" என்றாள். விரலை எடுக்கவில்லை.

அண்ணி மரகதம்